கதவு யாருடையது: போஸ்ட்மேன் முதல் புரூனோ வரை

இந்த எபிசோடைச் சங்கரன்கோவிலில், எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து பேசுறேன். பின்னாடி டக் டக்னு ஒரு சத்தம் விடாம கேட்கும். எடிட்ல குறைச்சுப் பார்த்தோம், முழுசாப் போகல. பக்கத்துத் தெருவில ஓடுற விசைத்தறி அது. பொறுத்துக்கோங்க.

லீவுக்கு ஊருக்கு வந்த இடத்துலதான் இந்த எபிசோடுக்கான விஷயமே கிடைச்சது. சித்தி பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான். தான் எழுதின ஒரு டெஸ்க்டாப் சாஃப்ட்வேரை லேப்டாப்ல திறந்து காட்டினான். ரெண்டு டேட்டாபேஸை ஒப்பிட்டு, எங்கெங்க வித்தியாசம்னு சொல்ற டூல். டெவலப்பர்களுக்கானது. நல்லாவே இருந்தது. எல்லாம் காட்டி முடிச்சுட்டு, "அண்ணே, இதை எப்படி வெளிய விடுறது?"ன்னு கேட்டான்.

"கிட்ஹப்ல போடு"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அது எவ்வளவு மோசமான பதில்னு ராத்திரிதான் உறைச்சது. சாஃப்ட்வேரை எழுதுறது ஒரு வேலை. முன்பின் தெரியாத ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல அதைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறது வேற வேலை. முதல் வேலைக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. ரெண்டாவது வேலைக்கு ஒரு வரலாறே இருக்கு. அந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் சில, நம்ம நாட்டு ஆட்கள் எழுதின டூல்களுக்கு நடந்தவை.

எங்க ஊர்ல இருந்து தென்காசி போய், கொஞ்சம் தள்ளிப் போனா மத்தளம்பாறை. ஜோஹோ அலுவலகம் இருக்கிற கிராமம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அந்த கம்பெனியோட முதல் சரக்கு என்னன்னு கேட்டா பலருக்குத் தெரியாது. 1996-ல் ஸ்ரீதர் வேம்புவும் அவருடைய சகோதரர்களும் டோனி தாமஸும் தொடங்கியபோது அதன் பெயர் அட்வென்ட்நெட். அவர்கள் விற்றது நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் கம்பெனிகளுக்கான எஸ்என்எம்பி டூல்கிட். அதாவது, டெவலப்பர்களுக்கான சாஃப்ட்வேர். 2001 வாக்கில் டாட்காம் குமிழி உடைந்ததும் அவர்களுடைய வாடிக்கையாளர்களான நெட்வொர்க் கம்பெனிகள் பல காணாமல் போயின. அதற்குப் பிறகுதான் மேனேஜ் எஞ்சின், அதற்குப் பிறகுதான் ஜோஹோ. டெவலப்பர்களை மட்டும் நம்பிப் பிழைப்பது எவ்வளவு வழுக்கலான தரை என்பதற்கு நம்ம மாவட்டத்துக் கதையே இருக்கு.

சரி, அடுத்த தலைமுறைக்கு வருவோம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விளக்கம், கோடிங் தெரியாதவங்களுக்கு. சங்கரன்கோவில்ல இருந்து சென்னைக்குத் திரும்ப பொதிகை எக்ஸ்பிரஸ்ல சீட் இருக்கான்னு போன்ல பார்க்கிறீங்க. பதில் உங்க போன்ல இல்ல. எங்கேயோ இருக்கிற ஒரு சர்வர்கிட்ட அந்த ஆப் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் கேட்கும்: இந்த ரயில், இந்தத் தேதி, இந்த வகுப்பு. சர்வரும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் பதில் சொல்லும். இந்தக் கேள்வி பதிலுக்கான ஒப்பந்தம்தான் ஏபிஐ. ஆப் எழுதுகிறவர்கள் நாள் முழுக்க இந்தக் கேள்விகளைத் திருப்பித் திருப்பி அனுப்பிச் சோதிக்க வேண்டியிருக்கும். அதற்கு 1998 முதல் 'கர்ல்' என்கிற அருமையான டூல் உண்டு. ஆனா கருப்புத் திரையில கமாண்டை நீளமா அடிக்கணும். ஒரு மேற்கோள் குறி தப்பினா போச்சு.

அபினவ் அஸ்தானா, பெங்களூரில் யாஹூ அலுவலகத்தில் இன்டர்னாக இருந்தபோது இந்தத் தொல்லையை அனுபவித்தவர். பிறகு நண்பர்களோடு ஒரு ஸ்டார்ட்அப் நடத்தியபோதும் அதே தொல்லை. ஓய்வு நேரத்தில் தனக்காக ஒரு டூல் எழுதினார். பெட்டியில் முகவரியைப் போட்டு பட்டனைத் தட்டினால் பதில் வரும். அதுதான் போஸ்ட்மேன். 2012-ல் அதை குரோம் வெப் ஸ்டோரில் போட்டார்.

இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். ஏன் குரோம்? சாதாரண வலைப்பக்கம் கண்ட சர்வருக்கெல்லாம் கேள்வி அனுப்ப முடியாது. பாதுகாப்புக்காக பிரவுசர் தடுத்துவிடும். ஆனா குரோம் ஸ்டோர் வழியாக வரும் ஆப், பயனரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அனுப்பலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தனித்தனியாக இன்ஸ்டாலர் கட்ட வேண்டியதில்லை. அப்டேட் தானாகவே போய்ச் சேரும். தேடினால் கிடைக்கும். டெவலப்பராகப் பதிவு செய்ய ஒரே ஒரு முறை 5 டாலர். கையில் காசில்லாத ஒரு தனி ஆளுக்கு இதைவிட நல்ல கதவு அன்றைக்குக் கிடையாது. பயனர்கள் பெருகியதும் அங்கித் சோப்தி, அபிஜித் கானே ஆகியோருடன் சேர்ந்து 2014-ல் அதைக் கம்பெனியாக்கினார்.

கதவு நல்லதுதான், ஆனா அது கூகுளோடது. 2016 ஆகஸ்ட்டில் கூகுள் அறிவித்தது: விண்டோஸ், மேக், லினக்ஸில் குரோம் ஆப்களைப் படிப்படியாக நிறுத்தப் போகிறோம், அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் சுமார் ஒரு சதவீதம்தான். கூகுளுக்கு அது ஒரு சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்குள் தன் பிழைப்பை வைத்திருந்தவர்களுக்கு அது நூறு.

பின்னாடி கேட்குதே, அந்தத் தறியும் இப்படித்தான். எங்க ஊர்ல பலர் கூலிக்கு நெய்கிறவர்கள். தறி அவங்களோடது. பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், நெய்த சேலை அவர்கிட்டயே போகும். அவர் "இந்த மாசம் பாவு இல்ல"ன்னு சொன்னா தறி நின்னுடும், எவ்வளவு நல்ல தறியா இருந்தாலும்.

போஸ்ட்மேன் நிற்கவில்லை. காரணம் எலக்ட்ரான். கிட்ஹப் கம்பெனி ஆட்டம் என்ற எடிட்டருக்காக உருவாக்கிய இந்த அடித்தளம் 2014-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, 2016 மே மாதம் அதன் 1.0 வந்தது. உள்ளே இருப்பது குரோமின் ஆதாரமான குரோமியமும், நோட் ஜேஎஸ்ஸும். அதாவது, பிரவுசருக்குள் குடியிருந்த ஆப், இப்போது பிரவுசரையே மூட்டை கட்டித் தன்னோடு தூக்கிக்கொண்டு வெளியேறலாம். அந்த வருடமே மேக்குக்கும், பிறகு விண்டோஸ், லினக்ஸுக்கும் போஸ்ட்மேன் தனி ஆப்பாக வந்தது. மூட்டை கனம்தான், ஒரு வெற்று எலக்ட்ரான் ஆப்கூட பல பத்து எம்பி வரும். "ஒரு பட்டனுக்கு இவ்வளவு மெமரியா?" என்று திட்டாத டெவலப்பர் இல்லை. நானும் திட்டியிருக்கேன். ஆனா 2016-ல் அது இல்லாமல் போயிருந்தால் எத்தனை சின்ன டூல்கள் அப்படியே செத்திருக்கும்னு யோசிச்சா வாய் அடைச்சுப் போகுது.

வெளியே வந்தவர்களுக்கு வேறு இரண்டு கதவுகள் காத்திருந்தன. 2012-ல் விண்டோஸ் 8-க்குள் ஸ்மார்ட்ஸ்கிரீன் வந்தது. அதே வருடம் மேக்கில் கேட்கீப்பர். வைரஸ் கும்பல்களைத் தடுக்க வந்தவை, நியாயமான காரணம்தான். ஆனா விளைவைப் பாருங்க. விண்டோஸில் அறிமுகமில்லாத இன்ஸ்டாலரைத் திறந்தால் நீலப் பெட்டியில் எச்சரிக்கை வரும். நிறைய பேர் பிரச்சினையில்லாமல் பயன்படுத்தினால் நம்பிக்கை கூடி எச்சரிக்கை போகும். எச்சரிக்கை இருப்பதால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்னு சொல்வாங்களே, அதேதான். சான்றிதழ் வாங்கி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால் உதவும். அதற்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் ரூபாய். 2023 ஜூன் முதல் அந்தக் கையெழுத்துச் சாவியைப் பாதுகாப்பான ஹார்டுவேரில்தான் வைக்க வேண்டும் என்றும் விதி. ஆப்பிள் பக்கம் வருடத்துக்கு 99 டாலர். 2019-ல் வந்த கேட்டலினா முதல் ஸ்டோருக்கு வெளியே கொடுக்கும் ஆப்பையும் ஆப்பிளுக்கு அனுப்பி 'நோட்டரைஸ்' செய்து வாங்க வேண்டும். இல்லையென்றால் திறக்கும்போதே மேக் தடுக்கும். 2012-ல் 5 டாலருக்குத் திறந்த கதவுக்கு இன்றைய விலை இது.

கதையில இன்னொரு திருப்பம் இருக்கு. கதவு தேடி அலைந்த போஸ்ட்மேன், தானே பெரிய கதவாக ஆனது. 2021-ல் அதன் மதிப்பு 560 கோடி டாலர். 2023-ல், லாகின் இல்லாமலே வேலைகளை நம் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்க உதவிய 'ஸ்கிராட்ச் பேட்' வசதியை நிறுத்தியது. லாகின் இல்லாமல் ஒரு எளிய வடிவம் கிடைத்தது. ஆனால் கேள்விகளைத் தொகுப்பாகச் சேமிக்க அக்கவுன்ட் தேவைப்பட்டது, அது கிளவுடில் இருந்தது. சேர்ந்து வேலை செய்யும் டீம்களுக்கு கிளவுட் வசதிதான், மறுக்கல. ஆனா அந்தத் தொகுப்புகளில் பாஸ்வேர்டுகளும் ரகசியச் சாவிகளும் இருக்கும். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ சாஃப்ட்வேர் எழுதுகிற ஒருவர் அதை வெளி சர்வருக்கு அனுப்ப முடியாது. அதே செப்டம்பரில் போட்டி டூலான இன்சோம்னியாவும் லாகினைக் கட்டாயமாக்கியது. பலத்த எதிர்ப்புக்குப் பிறகு உள்ளூர்ச் சேமிப்பைத் திரும்பக் கொடுத்தது.

அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து அனூப் எம்.டி. என்பவரின் புரூனோ பரவத் தொடங்கியது. அதுவும் எலக்ட்ரான்தான். வித்தியாசம் சேமிப்பதில். ஒவ்வொரு கேள்வியும் உங்கள் போல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேடில் திறந்து படிக்கலாம். டீமுக்குள் பகிர, கோடு இருக்கிற அதே கிட்-டில் போட்டால் போதும். கிளவுட் சிங்க் ஒருநாளும் வராது என்று எழுதியே வைத்தார். 2023-ல் இந்தியாஃபாஸ் மாநாட்டிலும் அதைப் பற்றிப் பேசினார். வருமானத்துக்கு முதலில் ஒரே முறை கட்டணமாக ஒரு பதிப்பு, பிறகு சந்தா முறை. அந்த மாற்றத்துக்கு முணுமுணுப்பு எழுந்தது. எனக்கு அதில் பெரிய கோபம் இல்லை. அவங்க நாளைக்கு என்ன பண்ணாலும் என் ஃபைல் என் போல்டர்ல, நான் படிக்கிற வடிவத்துல இருக்கு. ஒரு டூலை நம்பலாமான்னு பார்க்க நான் இப்போ கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

இதே காலத்தில் கேரளத்தின் லியாஸ் தாமஸ் வேறு வழியில் போனார். 2019-ல் 'போஸ்ட்வுமன்' என்று தொடங்கி, பிறகு ஹாப்ஸ்காட்ச் என்று பெயர் மாறிய அவருடைய டூல், பிரவுசரிலேயே ஓடும். பிரவுசர் தடைகளைத் தாண்ட அதற்கும் கடைசியில் ஒரு டெஸ்க்டாப் ஆப் தேவைப்பட்டது. எலக்ட்ரானுக்குப் பதில் டவுரி என்ற அடித்தளம். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவையே பயன்படுத்துவதால் மூட்டை சின்னது. ஆனா ஒவ்வொரு சிஸ்டத்திலும் அந்த வெப்வியூ வேற வேற, அதனால ஒவ்வொண்ணுலயும் தனித்தனியா டெஸ்ட் பண்ணணும்.

மறுநாள் காலையில தம்பியைக் கூப்பிட்டு உட்கார வெச்சேன். இந்தக் கதையோட, நான் பண்ணின தப்புகளையும் சொன்னேன். சில வருஷம் முன்னாடி லாக் ஃபைல் படிக்கிற சின்ன டூல் ஒண்ணு எழுதினேன். பயனரோட செட்டிங்ஸை ஆப் இருக்கிற போல்டருக்குள்ளேயே வெச்சேன். அடுத்த வெர்ஷன் இன்ஸ்டால் ஆனதும் எல்லாம் அழிஞ்சது. அதுக்குன்னு ஒவ்வொரு சிஸ்டத்துலயும் பயனருக்குத் தனி இடம் இருக்கு. விண்டோஸ்ல ஆப்டேட்டா, மேக்ல லைப்ரரி. தெரியாமப் பண்ணல, சோம்பேறித்தனம். அடுத்தது இன்னும் மோசம்: புது வெர்ஷன் வந்திருக்குன்னு சொல்ற வசதியே முதல் வெர்ஷன்ல வைக்கல. பிழையைச் சரி பண்ணிட்டேன், ஆனா பழசை வெச்சிருந்தவங்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. முதல் வெர்ஷன்ல எது இல்லாட்டியும் அது இருக்கணும்.

அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "மொத்தம் எவ்வளவு செலவாகும்ணே?"ன்னான். கணக்குப் போட்டோம். மேக், விண்டோஸ் ரெண்டுக்கும் கையெழுத்துச் செலவு சேர்த்தா அவனோட ஒரு செமஸ்டர் ஹாஸ்டல் பில்லைத் தொடும். அதனால முதல்ல லினக்ஸுக்கு மட்டும் ஆப்இமேஜா விடலாம்னு முடிவு. அங்க இந்தக் கையெழுத்துக் கட்டணம் இல்ல, டேட்டாபேஸ் ஆட்கள் நிறைய பேர் அங்கதான் இருக்காங்க. மேக் வேணும்கிறவங்க சோர்ஸை எடுத்துத் தாங்களே பில்ட் பண்ண ஒரு பக்கக் குறிப்பு. ஒப்பீட்டு முடிவுகள் எல்லாம் வெறும் டெக்ஸ்ட் ஃபைலா, பயனர் சொல்ற போல்டர்ல.

வெர்ஷன் 0.1 வியாழக்கிழமை வெளிய போச்சு. இதைப் பேசுற நேரத்துல பதினொரு பேர் டவுன்லோட் பண்ணியிருக்காங்க. அதுல ஒண்ணு நான், ரெண்டு அவன். மீதி எட்டு பேர்ல ஒருத்தர், போல்டர் பேர் தமிழ்ல இருந்தா ஆப் நின்னுடுதுன்னு எழுதியிருக்கார். இப்போ கீழ உட்கார்ந்து அதைத்தான் சரி பண்ணிட்டிருக்கான்.