ஊசியும் தூரிகையும்: ஃபெயித் ரிங்கோல்டின் கதைப் போர்வைகள்

1970ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் பெண் கலைஞர்கள் போராட்டம் நடத்தினர். அங்கு அந்நாளில் நிகழ்ந்துவந்த ஆண்டுக் கண்காட்சியில் சரிபாதி இடம் பெண்களுக்கு வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. ஹார்லெமில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் (1930–2024) அப்போராட்டத்தின் முன்னணியினருள் ஒருவர். அடுத்த ஆண்டே, 1971இல், அதே அருங்காட்சியகம் அமெரிக்கக் குயில்ட்டுகளைச் சுவரில் மாட்டிக் காட்சிப்படுத்தியது. துண்டுத் துணிகளை இணைத்து, இடையே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கும் சேர ஓட்டுத்தையல் இடப்பெற்ற போர்வையே குயில்ட். ஜோனதன் ஹோல்ஸ்டைன், கெயில் வான் டெர் ஹூஃப் இருவரும் திரட்டிய அப்போர்வைகள் அருவ ஓவியங்களுக்கு நிகராகப் போற்றப்பட்டன. எனினும் அங்கு முன்னிறுத்தப்பட்டது வடிவமே. தைத்த கை அன்று. பட்ரிசியா மைனார்டி 1973இல் எழுதிய கட்டுரை இதனைக் கடுமையாக மறுத்து, குயில்ட்டைப் பெண்களின் கலை மரபாக நிறுவ முயன்றது.

பெண்ணின் தையல் அருங்காட்சியகத்தினுள் நுழைவதற்குப் பெயரையும் கதையையும் வாயிலிலேயே விட்டுவர வேண்டியிருந்தது எனலாம். ரிங்கோல்டின் துணிப் படைப்புகளை இப்பின்னணியில் வைத்தே வாசித்தல் தகும்.

அவர் துணியை நாடியதற்குக் கொள்கை மட்டுமே காரணமன்று. 1972இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் திபெத்தியத் தங்கா ஓவியங்களைக் கண்ட பின்னர், மரச்சட்டத்தைக் கைவிட்டு ஓவியத்தின் ஓரங்களில் துணி வைத்துத் தைக்கத் தொடங்கினார். துணியோவியத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து எங்கும் கொண்டுசெல்லலாம். காட்சிக்கூடங்களின் ஆதரவு அரிதாயிருந்த ஒருவர்க்கு இது சிறிய வசதியன்று. கோட்பாட்டு விளக்கங்களில் இந்நடைமுறைக் காரணம் உரிய கவனம் பெறுவதில்லை.

துணி ஓரங்களைத் தைத்துக் கொடுத்தவர் அவருடைய தாய் வில்லி போசி. ஹார்லெமில் ஆடை வடிவமைப்பாளராகத் தொழில் செய்தவர். தாயும் மகளும் 1980இல் இணைந்து உருவாக்கிய ‘எக்கோஸ் ஆஃப் ஹார்லெம்’ ரிங்கோல்டின் முதல் குயில்ட் ஆகும். அதில் 30 முகங்கள் தீட்டப்பெற்றுள்ளன. அடிமை முறையில் வாழ்ந்த மூதாட்டியர் வழியாகத் தம் குடும்பத்தில் தையற்கலை வந்ததாக ரிங்கோல்ட் கூறிவந்தார். மறுஆண்டில் தாய் மறைந்தார்.

1983இல் வெளிவந்த ‘ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஆன்ட் ஜெமைமா?’ என்னும் படைப்பில்தான் கதை எழுத்தாகத் துணியில் ஏறியது. தம் தன்வரலாற்றுக்குப் பதிப்பகம் கிடைக்காத நிலையில் அவர் துணியிலேயே எழுதலானார். வணிக முத்திரையில் பணிப்பெண்ணாக நகைக்கப்பட்ட ஜெமைமா, இங்கு உணவகம் நடத்தும் தொழில்முனைவோராக மாறுகிறாள். முத்திரைக்கு முகம் மட்டுமே இருந்தது. குயில்ட் அவளுக்குக் குடும்பத்தையும் சொத்தையும் வாழ்க்கை வரலாற்றையும் தருகிறது.

1988இல் உருவான ‘டார் பீச்’ அவருடைய படைப்புகளுள் மிகவும் அறியப்பட்டது. தார் பூசிய மொட்டைமாடியில் பெரியவர்கள் சீட்டாடிக்கொண்டிருக்க, காஸி என்னும் எட்டு வயதுச் சிறுமி ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின்மேல் பறக்கிறாள். அப்பாலத்தைக் கட்டியதில் பங்குகொண்ட அவள் தந்தைக்குத் தொழிற்சங்கத்தில் இடமில்லை. அதனால் சங்கக் கட்டடத்தின்மேல் பறந்து அதனைத் தந்தைக்கு உரியதாக்க அவள் விழைகிறாள். நடுப்பகுதி கித்தானில் தீட்டிய அக்ரிலிக் ஓவியம். சுற்றிலும் பூத்துணிக் கட்டங்கள். மேலும் கீழும் எழுத்து வரிகள்.

நடுவில் ஓவியம் இருப்பதால் இதனைக் குயில்ட் எனலாமா என்னும் ஐயம் எழலாம். ஆயின் விட்னி கண்காட்சி போர்வையை ஓவியமாக்கியது. ரிங்கோல்டோ ஓவியத்தைப் போர்வையாக்கினார். இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் பயன்பாடு அழிந்து வடிவம் எஞ்சியது. பின்னதில் தூரிகையே தாயின் தொழிலுக்குள் வந்து சேர்ந்தது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2019இல் தன் அரங்குகளை மறுசீரமைத்தபோது, பிக்காசோவின் புகழ்பெற்ற ஓவியத்தின் அருகில் ரிங்கோல்டின் படைப்பொன்றை வைத்தது. அது 1967இல் தீட்டிய ‘டை’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியம். துணிப் படைப்பு அன்று.