ஆயிரம் சொற்களும் ஒரு சாம்பல் திரையும்

தண்டு என்று முன்னோர் வழங்கிய பெங்களூர்ப் பகுதியில், ரிச்சர்ட்ஸ் டவுனிலும் அதன் அண்டைத் தெருக்களிலும் தலைமுறைகளாய்க் குடியிருந்துவரும் தமிழர்களாகிய நாம், உலகம் போற்றும் நாவலாசிரியர் ஒருவரின் முதல் நாவல் இதே நகரத்தில்தான் பிள்ளையார் சுழி கண்டது என்பதை மறந்துவிடலாகாது. 1930-இல், பாட்டி பார்த்துச் சொன்ன சுபதினத்தில், நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்த ஆர். கே. நாராயணின் மனக்கண்ணில், மால்குடி என்னும் ஊர் தன் சிறிய ரயில் நிலையத்தோடு எழுந்தது. ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனின் பேருதவியால் 1935-இல் லண்டனில் அந்நாவல் நூலாகவும் வெளிவந்தது.

எனினும் அவருடைய தினசரி நியமம் உருப்பெற்றது மைசூரில், அதுவும் ஜீவனோபாயத்தின் நிர்ப்பந்தத்தால். சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' பத்திரிகைக்கு மைசூர் நிருபராக அமர்ந்த அந்த இளைஞர், காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடைவீதியிலும் சந்தையிலும் கால்நடையாகவே திரிந்து செய்தி சேகரித்து, ஒரு மணிக்குத் திரும்பி, அவசர அவசரமாக உண்டு, பழைய ரெமிங்டன் இயந்திரத்தில் தட்டெழுதி, தபால் கட்டுமுன் சாமராஜபுரம் தபாலாபீசில் உறையைச் சேர்ப்பிப்பார். பிராமணரல்லாதார் கட்சியின் பத்திரிகைக்கு ஒரு பிராமண வாலிபர் உழைத்தது அக்காலத்தில் வியப்புக்குரியதே. அச்சான பத்தியை அங்குலக் கணக்கில் அளந்து கூலி தந்த அந்த ஊழியமே, கல்லூரி தந்ததைக் காட்டிலும் உயர்ந்த சிக்ஷையை அவருக்கு அளித்தது என்பது என் துணிபு. மால்குடியின் அச்சுக்கூடக்காரரையும் மிட்டாய் வியாபாரியையும் படைத்த கண், அந்த வீதிகளில் பழகிய கண்ணே.

1939-இல் மனைவி ராஜம் காலமானபோது அந்த நியமம் அடியோடு குலைந்தது. அத்துயரத்திலிருந்து மீண்டெழுந்தே அவர் 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவலை எழுதினார்.

பின்னர் மைசூரின் யாதவகிரியில் சொந்த வீடு கட்டிக்கொண்ட நாராயண், எட்டு ஜன்னல்கள் கொண்ட எழுத்தறை ஒன்றை அதில் ஆசையோடு அமைத்தார். தெற்கே சாமுண்டி மலையும், கிழக்கே நகரத்தின் கோபுரங்களும், மேயும் ஆடுமாடுகளும், சரிவைக் கடந்து செல்லும் ரயில்களும் கண்ணைக் கவர்ந்ததில் எழுத்து ஓடவில்லை. ஆகவே ஜன்னல்களைச் சாம்பல்நிறத் திரையால் மறைத்துவிட்டு, நாளொன்றுக்கு ஆயிரம் சொற்கள் என எழுதிவந்தார். வீதியில் திறந்த கண்ணோடு நடப்பதும், மேஜைக்கு முன் அக்கண்ணை அடக்குவதும் ஆகிய இவ்விரண்டும் கூடியதே அவருடைய சாதனை. உத்வேகம் வரட்டும் என்று காத்திருக்கும் நம் இளம் எழுத்தாளர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அவ்வீடு 2016 முதல் பொதுமக்கள் காணும் நினைவில்லமாக விளங்குகிறது. மைசூர் செல்லும் அன்பர்கள் அரண்மனையோடு திரும்பிவிடாமல், யாதவகிரிக்கும் சென்று அந்த எழுத்தறையில் சற்று நேரம் நின்று வர வேண்டுகிறேன்.