உலோகம், அலோகம், உலோகப்போலி: வேதியியல் கலைச்சொற்கள் மூன்றின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தனிமங்களை உலோகம், அலோகம், உலோகப்போலி என மூவகைப்படுத்துவது தமிழ்வழி வேதியியல் கல்வியில் நிலைபெற்ற மரபாகும். இச்சொற்களின் பின்புலத்தையும், தனிமங்களின் ஆவர்த்தனப் பண்புகளுக்கு அவை எந்த அளவு பொருந்துகின்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ‘போலி’ என்னும் சொல்லை அதன் இலக்கண மரபுப் பொருளில் கற்பிக்க வேண்டும் என்பது இதன் கருத்து.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பம் புதுச்சேரி நகரின் வடபுறத்தை ஒட்டிய ஊர். 1947 வரை அது ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அடுத்திருந்த புதுச்சேரியோ 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இவ்வெல்லை கல்வி மொழிக்கும் எல்லையாயிற்று. கந்தகத்தை ஆங்கில வேதியியல் நூல்கள் ‘நான்மெட்டல்’ என்றன. அக்காலப் பிரெஞ்சு நூல்கள் ‘மெத்தாலோயித்’ என்றன. அச்சொல்லின் ஆங்கில வடிவமான ‘மெட்டலாய்டு’ இன்று கந்தகத்தைக் குறிப்பதில்லை. சிலிக்கான், ஜெர்மேனியம் போன்றவற்றையே குறிக்கிறது. ஒரே சொல் இருவேறு வகைகளைச் சுட்டிய இந்நிலை, வகைப்பாட்டுச் சொற்களின் வரலாற்றை ஆராயும் தேவையை உணர்த்துகிறது.

ஐரோப்பிய வழக்கில் பொருள் மாற்றம்

1807 இல் டேவி சோடியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்தெடுத்தார். அவை நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானவை. உலோகம் என்றால் கனமானது என்னும் எண்ணம் வலுவாக இருந்தமையால், 1808 இல் எர்மன், சைமன் ஆகியோர் இவற்றை உலோகம் எனக் கொள்ளாமல் ‘மெட்டலாய்டு’ எனக் குறிக்கலாம் என்றனர். 1811 இல் பெர்சிலியஸ் அதே சொல்லை அலோகங்களுக்கு வழங்கினார். இடைநிலைத் தனிமங்களைக் குறிக்கும் இன்றைய பொருள் பரவலானது 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். தமிழில் அறிவியல் கலைச்சொற்கள் திரட்டப்பட்ட காலத்தில் மூலச்சொல்லின் பொருளே நிலைகொள்ளாதிருந்தது என்பது இதனால் புலனாகிறது.

தமிழ் மரபில் உலோகப் பெயர்கள்

‘பொன்’ என்பது தங்கத்தை மட்டுமன்றி உலோகம் என்னும் பொதுப்பொருளையும் தந்தது. கரும்பொன் (இரும்பு), வெண்பொன் (வெள்ளி), ஐம்பொன் ஆகிய சொற்கள் இதற்குச் சான்று. பொதுப்பெயரோடு நிற அடை சேர்த்து இனம் பிரிப்பதே இங்குள்ள முறை. வெள்ளீயம், காரீயம் என்னும் பெயர்களும் இம்முறையில் அமைந்தவையே. இவ்விரண்டையும் ‘ஈயம்’ என ஓரினமாகக் கண்ட பார்வை குறிப்பிடத்தக்கது. இன்றைய அட்டவணையிலும் அவை 14 ஆம் தொகுதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. இலத்தீனிலும் இவை வெண், கரு அடைகளால் வேறுபடுத்தப்பட்டன. ஆதலின் இதனைத் தமிழுக்கே உரிய முன்னறிவு எனக் கொள்ளாமல், கண்ணால் கண்ட பண்புகளை அடிப்படையாகக் கொண்ட வகைப்பாடு எனக் கொள்வதே பொருந்தும்.

சித்த மருத்துவமோ பயன்பாட்டு நோக்கில் வகுத்தது. இன்று உலோகப்போலி எனப்படும் ஆர்சனிக்கின் சேர்மங்களான வெள்ளைப் பாடாணம், தாளகம், மனோசிலை ஆகியவை அங்கு உலோகங்களோடு சேர்க்கப்படாமல் பாடாண வகையில் இடம்பெற்றன.

கலைச்சொல்லாக்க முயற்சிகள்

யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை நடத்திய சாமுவேல் பிஷ் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் 1875 இல் வெளிவந்தது. 1916 இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியல் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் நிறுவினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938 இல் ‘கலைச்சொற்கள்’ தொகுப்பை வெளியிட்டது. 1940 இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழுவின் வடமொழிச் சார்பு கடும் எதிர்ப்பை எழுப்பியது.

தமிழா வடமொழியா என்னும் இவ்விவாதத்தின் தடம் இன்றைய வழக்கிலும் காணப்படுகிறது. ‘லோகம்’ என்பது தமிழ் மரபுப்படி உகரம் பெற்று ‘உலோகம்’ ஆயிற்று. தமிழ்நாட்டு வழக்கான ‘அலோகம்’ வடமொழி எதிர்மறை முன்னொட்டைக் கொண்டது. அதில் அந்த உகரம் இல்லை. இலங்கை வழக்கான ‘அல்லுலோகம்’, தமிழாக்கம் பெற்ற ‘உலோகம்’ என்பதோடு ‘அல்’ என்னும் தமிழ் எதிர்மறையைச் சேர்க்கிறது. சொல்லமைப்பு நோக்கில் பின்னதே தெளிவானது. தனிமம்–மூலகம், தொகுதி–கூட்டம் எனப் பிற சொற்களிலும் இவ்விரு நாட்டு வழக்குகள் வேறுபடுகின்றன.

ஆவர்த்தனமும் போலியும்

இசையில் ஒரு தாளச்சுற்றைக் குறிக்கும் ‘ஆவர்த்தனம்’ பண்புகள் மீண்டும் மீண்டும் தோன்றுவதை உணர்த்துகிறது. ‘தனிம வரிசை அட்டவணை’ என்னும் வழக்கு வரிசையைக் காட்டினும் சுழற்சியைக் காட்டுவதில்லை. மெண்டலீவின் கணிப்புகளுக்கு அடிப்படை அச்சுழற்சியே. 1871 இல் அவர் சிலிக்கானுக்குக் கீழிருந்த வெற்றிடத்துக்கு ‘ஏக’ என்னும் வடமொழி எண்ணுப்பெயரைச் சேர்த்து ‘ஏக சிலிக்கான்’ எனப் பெயரிட்டு, அணு எடையை 72 எனக் கணித்தார். 1886 இல் விங்க்ளர் கண்டறிந்த ஜெர்மேனியமே அது. அதன் அணு எடை 72.63.

அத்தொகுதியில் கார்பன் அலோகம். சிலிக்கானும் ஜெர்மேனியமும் உலோகப்போலிகள். வெள்ளீயமும் காரீயமும் உலோகங்கள். முதல் அயனியாக்கும் ஆற்றல் கார்பனுக்கு 1086, சிலிக்கானுக்கு 786, ஜெர்மேனியத்துக்கு 762, வெள்ளீயத்துக்கு 709, காரீயத்துக்கு 716 கிலோஜூல்/மோல் ஆகும். இறுதியில் சிறு ஏற்றம் இருப்பினும், கீழிறங்குந்தோறும் உலோகத்தன்மை மிகும் போக்கு தெளிவு. வெள்ளீயமே ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழ் உலோகப் பொலிவை இழந்து சாம்பல் நிற வடிவமாக மாறக்கூடும். எனவே வகைகளுக்கிடையே உள்ளது மதிலன்று, படிப்படியான மாற்றமே.

இதனை உணர்த்தும் ஆற்றல் ‘போலி’ என்னும் சொல்லுக்கு உண்டு. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என மாறி வழங்குவதை இலக்கணப்போலி என்பர். இலக்கணம் உடையதுபோல ஏற்கப்படுவது என்பதே அதன் பொருள். அதில் இழிவுக் குறிப்பு இல்லை. உலோகப்போலியும் அத்தகைய தொடரே. ஆயின் பேச்சுவழக்கில் ‘போலி’ கள்ளப் பொருளையே சுட்டுவதால், சிலிக்கானை ‘உண்மையல்லாத உலோகம்’ என மாணவர் பிழைபட உணர இடமுண்டு.

முடிவுரை

மூவகைப் பெயர்களும் வெவ்வேறு காலத்து நோக்குகளைச் சுமந்துள்ளன. ‘உலோகப்போலி’ தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பொதுவான சொல் ஆதலின் அதனை மாற்றுவது தேவையற்றது. இலக்கணப்போலியோடு ஒப்பிட்டு விளக்கினால் அச்சொல்லே இடைநிலைப் பண்பைப் புலப்படுத்தும். ‘அல்லுலோகம்’ தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இணைவழக்காக இடம்பெறுவது நன்று. கலைச்சொல்லின் வரலாற்றைப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிப்பது வேதியியல், தமிழ் ஆகிய இருதுறைக்கும் பயன் தரும்.