நீரூற்றிய கைகள்

ஜப்பானியர் 'மொமிஜி' என்று அழைக்கும் மேப்பிள் மரத்தின் இளங்கன்றை, ஆழமில்லாத தொட்டியில் போன்சாயாக வளர்க்க முற்படுவோர் தொடக்கத்திலேயே ஒரு தவறு செய்வதுண்டு. அழகுப்பொருள் எனக் கருதி அதனை வீட்டுக்குள் வைத்துவிடுகின்றனர். விரித்த விரல்களைப் போன்ற இலைகளையுடைய அம்மரமோ வெட்டவெளிக்கு உரியது. இலையுதிர்காலத்தில் சிவந்து, இலைகளை உதிர்த்து, குளிர்காலம் முழுவதும் உறங்கினால்தான் வசந்தத்தில் அது நன்கு துளிர்க்கும். அந்த உறக்கத்தைப் பறித்தால் மெல்ல நலிந்து மடியும்.

கோடையில் தொட்டி மண் ஒரே நாளில் உலர்ந்துவிடும். ஆகவே மண்ணை நாள்தோறும் தொட்டுப் பார்த்து நீர் ஊற்ற வேண்டும். நண்பகல் வெயில் மெல்லிய இலைகளின் ஓரத்தைக் கருக்கிவிடும். கிளையை வளைப்பதற்காகச் சுற்றிய கம்பியை உரிய காலத்தில் அகற்றாவிடில், அது பட்டையில் அழுந்தித் தழும்பாகும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மொட்டு அவிழ்வதற்குச் சற்று முன்னர், வேரைக் கத்தரித்துப் புது மண் இட வேண்டும். இவற்றுள் எதுவும் அரிய வித்தையன்று. இடைவிடாமல் செய்வதுதான் அரிது. அதற்கு இக்கலையின் வரலாறே சான்று.

தட்டில் மரம் வளர்க்கும் வழக்கம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்றது. 1309 ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் ஓவியச் சுருளில் அத்தகைய சிறுமரங்களைக் காணலாம். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த நிலநடுக்கமும் தீயும் தோக்கியோவை அழித்தன. அங்கிருந்த போன்சாய்த் தோட்டக்காரர் சிலர் நல்ல நீரும் தூய காற்றும் தேடி, நகருக்கு வடக்கே ஓமியாவில் 1925 முதல் குடியேறினர். இங்கு வாழ்வோர் பத்து மரங்களேனும் வளர்க்க வேண்டும், வேலி செடிகளாலானதாக இருக்க வேண்டும், மாடி கட்டலாகாது, தோட்டத்தை யாவர்க்கும் திறந்து வைக்க வேண்டும் என்று தமக்குள் விதி வகுத்துக்கொண்டனர். யாவற்றையும் இழந்த ஊரிலிருந்து வந்தவர்கள் தம் வாழ்வை மரங்களைச் சுற்றியே அமைத்துக்கொண்டனர்.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில் யமாகி குடும்பத்தின் மரத்தோட்டம் இருந்தது. 1625 முதல் போன்சாயாக வளர்க்கப்பட்டுவந்த வெள்ளைப் பைன் ஒன்று, உயர்ந்த சுவரின் மறைவில் அங்கே பிழைத்துக்கொண்டது. 1976 இல் அமெரிக்கா விடுதலையின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது, ஜப்பான் அந்நாட்டுக்கு 53 போன்சாய் மரங்களை அன்பளிப்பாக அனுப்பியது. குண்டு வீசிய நாட்டுக்குத் தம் பைன் மரத்தையும் அளித்தார் மசாரு யமாகி. 2001 இல் அவருடைய பேரர் இருவர் அதனைக் காண வாஷிங்டன் வந்து சொன்ன பின்னரே, அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது அதனைப் பேணியவர்களுக்குத் தெரியவந்தது.

1625 இல் அம்மரத்துக்கு நீரூற்றியவர் அதன் இன்றைய கோலத்தைக் காணவில்லை. வாஷிங்டனில் நீரூற்றியவர்களோ அதன் இளமையைக் கண்டதில்லை. நடுவே ஒரு கோடையில் சில நாள்கள் எவரேனும் மறந்திருந்தால், அணுகுண்டுக்குத் தப்பிய மரம் தாகத்துக்குத் தப்பியிராது.

மேப்பிள் கன்றைப் புதிதாக வாங்கியவர், அது முதுமரமாவதை எண்ணி இன்றே ஏங்க வேண்டியதில்லை. மாலையில் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்க்கட்டும்; உலர்ந்திருந்தால் நீர் ஊற்றட்டும்.