தாமிரபரணிக் கெண்டை

தாமிரபரணிக் கெண்டை என்பது தமிழ்நாட்டின் தாமிரபரணி ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் மட்டும் இயற்கையாகக் காணப்படும் ஒரு சிறு நன்னீர் மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் டாக்கின்சியா தாம்பிரபர்னியெய். வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இல்லாததால் இது தாமிரபரணியின் அகணிய உயிரி எனப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

வகைப்பாடு

திணை: விலங்கு
தொகுதி: முதுகுநாணிகள்
வகுப்பு: கதிர்த்துடுப்பு மீன்கள்
வரிசை: சிப்ரினிபார்மீசு
குடும்பம்: சிப்ரினிடே (கெண்டைக் குடும்பம்)
பேரினம்: டாக்கின்சியா
இனம்: டா. தாம்பிரபர்னியெய்

இம்மீனை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவர் ஈ. ஜி. சைலசு. இவர் பின்னாளில் கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். 1954இல் இவர் இதைத் தனி இனமாகக் கொள்ளாமல், காவிரியில் வாழும் அரூலியசு கெண்டையின் துணையினமாகவே பெயரிட்டார். அரூலியசு கெண்டையை 1849இல் விவரித்தவர் தாமசு செர்டன். பிற்கால ஆய்வாளர்கள் தாமிரபரணி மீனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டனர்.

நெடுங்காலம் இம்மீன் புன்டியசு என்னும் பெரிய பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2012இல் ரொகான் பெத்தியகொட, மாதவ மீகசுகும்புர, கலன மதுவகே ஆகிய மூவரும் தெற்காசியாவின் புன்டியசு மீன்களை மறுஆய்வு செய்து, அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றான டாக்கின்சியா, உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்சின் நினைவாகப் பெயரிடப்பட்டது. கன்னியாகுமரி மாவட்ட ஓடைகளில் வாழும் டா. ரொகானி, கேரளத்தின் கல்லடையாற்றில் வாழும் டா. எக்சுக்ளமேசியோ, இலங்கையின் மாத்தளைப் பகுதியில் வாழும் டா. சிறிலங்கென்சிசு ஆகியவை இதன் உறவினங்களாகும். மலைத்தொடர்களும் கடலும் பிரித்த ஆற்றுப் படுகைகளில் தனித்தனி இனங்கள் தோன்றியமைக்கு இப்பேரினம் நல்ல எடுத்துக்காட்டு.

உடலமைப்பு

உடல் பக்கவாட்டில் தட்டையானது. நீளம் 10 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும். வெள்ளி நிற உடலில் கருந்திட்டுகள் காணப்படும். வளர்ந்த ஆண் மீனின் முதுகுத்துடுப்புக் கதிர்கள் இழைபோல் நீண்டிருக்கும். இப்பேரினத்துக் குஞ்சுகளின் உடலில் குறுக்காக மூன்று கரும்பட்டைகள் இருக்கும். மீன் வளர வளர இவை மாறி, இனத்துக்குரிய திட்டுகள் தோன்றும். ஆகவே குஞ்சுகளை மட்டும் கொண்டு இனத்தைப் பிரித்தறிவது கடினம்.

வாழிடம்

தாமிரபரணி பொதிகை மலையில் தோன்றி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வழியாகப் பாய்ந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இதற்கு நீர் தருகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஆறுகள் கோடையில் வறண்டுவிட, தாமிரபரணி வற்றாத ஆறாக அறியப்படுகிறது. ஓடும் தெளிந்த நீரை நம்பி வாழும் இம்மீனுக்கு இதுவே அடிப்படை. கெண்டைக் குடும்பத்தின் பல சிறு மீன்களைப் போல இதுவும் முட்டைகளைச் சிதறவிடும்; அவற்றைக் காப்பதில்லை. எனவே நீரில் வண்டல் கூடினாலும் நீர்மட்டம் திடீரென மாறினாலும் முட்டைகள் எளிதில் அழியும்.

அச்சுறுத்தல்கள்

ஆற்றின் மேற்பகுதியில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உள்ளன. அவற்றுக்குக் கீழே கோடைமேலழகியான் முதல் சிறீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் ஆற்றைக் குறுக்கிடுகின்றன. பாசனத்துக்கு இன்றியமையாத இவை, மீன்களின் நடமாட்டத்தைத் தடுத்து அவற்றைச் சிறு கூட்டங்களாகப் பிரிக்கின்றன. நகரக் கழிவுநீர், மணல் அள்ளுதல், வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடித்தல் ஆகியவை பிற இடர்கள். திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி போன்ற அயல் மீன்கள் உள்ளூர் மீன்களோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடுகின்றன. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை இந்திய அரசு 2000இல் தடை செய்தது.

வண்ணமீன் வணிகத்தில் இம்மீன் பெரும்பாலும் அரூலியசு கெண்டை என்ற பெயரிலேயே விற்கப்படுகிறது. பெயர் மாறி விற்கப்படும்போது, காட்டிலிருந்து எந்த இனம் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட இயலாமல் போகிறது.

பாதுகாப்பு

தாமிரபரணியின் மேல்நீர்ப் பகுதி களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அமைந்துள்ளது. 1988இல் தோற்றுவிக்கப்பட்ட இது தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாகும். புலிகளுக்காகக் காக்கப்படும் காடு ஓடைகளுக்கு நிழலும் தெளிந்த நீரும் தருவதால், மீன்களுக்கும் புகலிடமாகிறது. ஆனால் காப்பகத்துக்கு வெளியே, சமவெளியில் ஓடும் ஆற்றுக்கு இத்தகைய காப்பு இல்லை.

ஓர் ஆறு கெட்டால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டின் வடபகுதியில் பாலாறு சான்றாக உள்ளது. கணியம்பாடி, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களை உள்ளடக்கிய பாலாற்றுப் படுகையில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலத்தடி நீரும் விளைநிலமும் பாழாயின. இது குறித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்ற கோட்பாட்டை 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எனினும் மாசுபட்ட நிலத்தையும் நீரையும் மீட்பது தீர்ப்பு வழங்குவதைவிட நெடிய பணியாகவே உள்ளது.

பல ஆறுகளில் வாழும் மீன் ஓர் ஆற்றில் அழிந்தாலும் மற்றோர் ஆற்றில் எஞ்சியிருக்கும். தாமிரபரணிக் கெண்டைக்கு வேறு ஆறு இல்லை. தொட்டிகளில் வளர்க்கப்படும் மீன்கள், இயற்கையில் வாழும் மீன்கூட்டத்துக்கு மாற்றாக மாட்டா. ஆகவே இதைக் காப்பது என்பது, மலை முதல் கடல் வரை ஆற்றின் நீரோட்டத்தைக் காப்பதே ஆகும்.