‘சொந்த வீடு இல்லை’னு கையெழுத்து போடுறீங்களா? ஹவுஸிங் போர்டு மனை பறிபோறது அங்கேதான்!

குலுக்கலில் பெயர் விழுந்தாச்சு, முன்பணமும் கட்டியாச்சு, இனி மனை நம்ம கையிலன்னு நினைக்கிறீங்களா? விண்ணப்பத்தோடு நீங்கள் கொடுத்த உறுதிமொழியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ‘எனக்கோ, என் கணவர் அல்லது மனைவிக்கோ, மைனர் பிள்ளைகளுக்கோ சொந்த வீடு, மனை கிடையாது’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அதை நம்பித்தான் ஒதுக்கீடே. அது பொய் என்று தெரிந்தால் ஒதுக்கீடு ரத்தாகும். கட்டிய பணமும் பிடித்தம் போகத்தான் வரும்.

தெரிந்தே பொய் சொல்கிறவர்களை விடுங்கள். ‘குடும்பம்’, ‘சொந்தம்’ என்ற இரண்டு வார்த்தைகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு மாட்டுகிறவர்களும் உண்டு. “அது என் வொய்ஃபுக்கு அவங்க அப்பா கொடுத்த மனைங்க, என்னோடது இல்லையே” என்பார்கள். ஃபார்மில் மனைவியையும் சேர்த்துத்தானே கேட்டிருக்கிறார்கள்!

இதைவிடச் சிக்கலானது பூர்வீக வீடு. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் வீட்டில் அவருடைய மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் பங்கு வந்துவிடும். பட்டா அண்ணன் பெயருக்கு மாறியிருந்தாலும், நீங்கள் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யாதவரை உங்கள் பங்கு உங்களுடையதுதான். கல்யாணமாகிப் போன பெண்கள் பலருக்கு இது ஞாபகத்திலேயே இருப்பதில்லை.

விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததுதான் குடும்பம். மகனுக்கு 25 வயது ஆகியிருந்தாலும் கணக்கில் வருவான். இந்தியாவில் எங்கே பக்கா வீடு இருந்தாலும் தகுதி போச்சு. அதனால், போன தடவை பக்கத்து வீட்டுக்காரர் நிரப்பிய ஃபார்மைப் பார்த்து நிரப்பாதீர்கள். உங்கள் திட்டத்தின் விளக்கக் கையேட்டைப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் சொத்து விவரத்தை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். கவுன்ட்டரில் “பரவாயில்ல, போடுங்க” என்று யாரோ சொன்னது பின்னால் உதவாது.

தவணை முழுவதும் கட்டி, கிரயப் பத்திரம் பதிவாகும்வரை மனை வாரியத்தின் பெயரில்தான் இருக்கும். அதற்குள் ஒரு மொட்டைக் கடிதமோ, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரோ போட்ட மனுவோ போதும், ஃபைல் மறுபடி திறக்கும். பத்திரம் ஆன பிறகும் வழக்கு வரலாம்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் பயந்துபோய் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கெடு தேதிக்குள் வாரிசுச் சான்று, விடுதலைப் பத்திரம், பட்டா நகல் என இருப்பதை இணைத்து, பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். நோட்டீஸே கொடுக்காமலோ, உங்கள் பதிலைப் பார்க்காமலோ ரத்து செய்தால், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பதிலே அனுப்பாதவருக்கு அங்கே சொல்ல அதிகம் இருக்காது.