பம்புக்கும் பம்புக்கும் நடுவே

உங்கள் பழைய ஜாமெட்ரி பாக்ஸை ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். தாளில் இரண்டு புள்ளிகள். காம்பஸைப் பாதித் தூரத்துக்கு மேல் விரித்து, இந்தப் புள்ளியிலிருந்து மேலும் கீழும் ஒரு வில், அந்தப் புள்ளியிலிருந்தும் அதே மாதிரி. வில்கள் வெட்டிக்கொள்கிற இரண்டு இடங்களை ஸ்கேல் வைத்துச் சேர்த்தால் மையக்குத்துக்கோடு ரெடி! அதன் மேல் எங்கே நின்றாலும் இரண்டு புள்ளிகளும் சம தூரம். ஓரடி இப்படி நகர்ந்தால் இது கிட்டே, அப்படி நகர்ந்தால் அது கிட்டே.

'இதனால யாருக்கு சார் லாபம்?' என்று கடைசி பெஞ்சில் முணுமுணுத்திருப்பீர்கள். பதில் லண்டனில் இருக்கிறது.

1854, ஆகஸ்ட் 31. சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. பிராட் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் மூன்றே நாளில் 127 பேர் சாவு. மொத்தம் அறுநூறைத் தாண்டியது. கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறது என்பது அன்றைய பெரிய டாக்டர்களின் கட்சி. 'காற்று இல்லை ஐயா, தண்ணீர்' என்று 1849 முதல் சொல்லிக்கொண்டிருந்தவர் டாக்டர் ஜான் ஸ்நோ. விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் கொடுத்தவர். அப்படியும் பெரிய தலைகள் மசியவில்லை.

ஸ்நோ வீடு வீடாக விசாரித்தார். செத்தவர்களில் பெரும்பாலோர் பிராட் தெரு அடிபம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர் பேச்சைக் கேட்டு செப்டம்பர் 8-ம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதுவரை பலருக்குத் தெரிந்த கதைதான். பிறகு மேப்பில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு கறுப்புக் கோடு போட்டார். பம்பைச் சுற்றி ஒரே கறுப்பு!

இது போதுமா? போதாது. 'கெட்ட காற்று அங்கேதான் தேங்கி நின்றது' என்று எதிர்க்கட்சி சொல்லிவிடலாமே? 1855-ல் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கையின் மேப்பில் ஸ்நோ இன்னொன்று சேர்த்தார். பிராட் தெரு பம்புக்கும் அக்கம்பக்கத்துப் பம்புகளுக்கும் சம தூரத்தில் இருக்கிற இடங்களை இணைத்து ஒரு புள்ளிக்கோடு. நம்ம மையக்குத்துக்கோடேதான், கொஞ்சம் கோணல்மாணலாக! காரணம், ஸ்நோ தெரு வழியாக நடக்கிற தூரத்தை அளந்தார். குடத்தோடு போகிறவள் சுவரைத் துளைத்துக்கொண்டா போவாள்?

கோட்டுக்கு உள்ளே சாவு அடர்த்தி. வேறொரு பம்பு கிட்டே என்று ஆகிற இடத்தில் சட்டென்று குறைகிறது, அல்லது அடியோடு நிற்கிறது. எந்தப் பம்பு யாருக்குக் கிட்டே என்று காற்றுக்கு என்ன தெரியும்?

கோட்டை மீறிய கேஸ்கள் இன்னும் சுவாரஸ்யம். கோட்டுக்கு உள்ளேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். இறந்தது 5 பேர்தான். விடுதிக்குச் சொந்தக் கிணறு! பக்கத்து பீர் தொழிற்சாலை ஆட்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்கள் பம்பை எட்டிப் பார்த்தால்தானே? (ஸ்நோ மதுவிலக்குப் பிரசாரம் செய்தவர். இதை எழுதும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்!) இன்னொரு பக்கம், மைல்கள் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை காலராவில் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய், வண்டியில் பாட்டில் பாட்டிலாக வரவழைத்துக் குடித்தவர்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே சாவு குறைய ஆரம்பித்துவிட்டது. பாதி ஜனம் ஊரைக் காலி செய்து ஓடியிருந்தது. அப்படியானால் கழற்றியது வீண்தானா?

அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வொயிட்ஹெட், ஸ்நோவைப் பொய்யாக்கத்தான் விசாரணையில் இறங்கினார். கடைசியில் முதல் கேஸைக் கண்டுபிடித்தவரே அவர்தான். பிராட் தெரு 40-ம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை. அதன் துணிகளை அலசிய தண்ணீரைத் தாய் கொட்டியது வீட்டின் மலக்குழியில். அங்கிருந்து பம்புக் கிணறு மூன்றடிக்குள். குழியின் சுவர் ஒழுகியது.

குழந்தையின் அப்பாவுக்கும் காலரா வந்தது. அந்தத் தாய் மறுபடி அதே குழியில் கொட்டியிருப்பாள். அவர் படுத்த தேதி செப்டம்பர் 8. பம்பில் கைப்பிடி இல்லை.